நீ எனக்காகச் சொன்ன பொய்

டெய்லரு,

இன்று காலை பீரோவின் அடித்தட்டில் வேறெதையோ தேடப்போய், நீ தைத்துக் கொடுத்த அரக்கு நிற பிளவுஸ் கையில் வந்தது. பாச்சை உருண்டை வாசனைக்கு அடியில் உன் தையல் மிஷின் எண்ணெயின் வாசம் இன்னும் மிச்சமிருந்தது, அல்லது இருப்பதாக நான் நினைத்துக்கொண்டேன். உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். விலாப் பக்கத்தில் ஒன்றையொட்டி ஒன்றாக மூன்று தையல். "குண்டானா ஒண்ணப் பிரி. இன்னும் குண்டானா இன்னொண்ணப் பிரி. அதுக்கும் மேல போனா எங்கிட்ட வராத" என்று சொல்லித்தான் கொடுத்தாய். அதை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடை திறக்கும் நேரம் தாண்டிப் போனது.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. மனதுக்குள் உன்னோடு பேசாத நாள் கிடையாது. ஆனால் எழுதியதில்லை. நேற்று உன் மகள் பவித்ரா கடைக்கு வந்து ஒரு கேள்வி கேட்டாள். நீ உயிரோடு இருக்கும் வரை சொல்லக்கூடாது என்று என் வாயைக் கட்டிப் போட்டிருந்தாயே, அதைப் பற்றிய கேள்வி. அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்பதை உன்னிடம் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரு தடவை தொடக்கத்திலிருந்து பார்த்துவிட்டு வருகிறேன். குறுக்கே பேசாமல் கேள். நீ எதையும் அப்படிக் கேட்டதில்லை என்பது எனக்குத் தெரியும்.

சித்தையன்கோட்டைக் கடைத்தெருவில் நமக்கு எதிரெதிர்க் கடை. எனக்கு மருந்துக்கடை, உனக்குத் தையற்கடை. நான் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட ஞாபகமே இல்லை. நீயும் அப்படித்தான். "ஏ மெடிக்கலு" என்று நீ அங்கிருந்து கத்துவாய், "என்ன டெய்லரு" என்று நான் இங்கிருந்து கத்துவேன். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் தெரு உறங்கிப் போகும். வயல் பக்கமிருந்து ஈரக் காற்று வரும். உன் மிஷின் சத்தம் மட்டும் ஓடி நின்று, ஓடி நின்று கேட்டுக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் கல்லாப்பெட்டி மேல் தலைசாய்த்து நான் எத்தனை நாள் கண்ணயர்ந்திருக்கிறேன்.

என் கடையில் அதிகம் போனது செட்டு மாத்திரைதான். காய்ச்சலோ, மேல்வலியோ, மூட்டு வலியோ, வருகிறவர்கள் "ஒரு செட்டு குடுக்கா" என்பார்கள். ஒரு மஞ்சள், ஒரு பெரிய வெள்ளை, கூடவே பொட்டு மாதிரி ஒரு சின்ன வெள்ளை. கத்தரியால் வெட்டிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. அந்தச் சின்னதுதான் ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் அதைத் தொடக்கூடாது என்று படித்துத்தான் வந்தேன். ஆனால் அதை வைத்தால்தான் மறுநாளே ஆள் எழுந்து நடக்கிறது. வைக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். ஊரில் என்னைக் கைராசிக்காரி என்றார்கள். அந்த ராசி முழுவதும் அந்தப் பொட்டு மாத்திரையின் ராசி. அது எனக்குத் தெரியும், தெரிந்தும் பெருமையாகத்தான் இருந்தது.

நீ முதலில் வாயு என்றுதான் சொன்னாய். வாயுவுக்குக் கொடுத்தேன். பிறகு சாயங்காலமானால் மேல் சுடுகிறது என்றாய். பிறகு ஒரு நாள், தெரு உறங்கும் அந்த நேரத்தில், "செத்த இங்க வாடி" என்று கூப்பிட்டாய். அளவு பார்க்கும் பச்சைத் திரைக்குப் பின்னால் என்னை நிறுத்தி, சேலையை விலக்கி, என் கையை எடுத்து உன் அடிவயிற்றின் வலப்பக்கம் வைத்தாய்.

"எலுமிச்சங்கா கணக்கா இருக்குல்ல?"

இருந்தது. திரைத் துணி வழியாக வந்த வெளிச்சத்தில் உன் முகம் பச்சையாகத் தெரிந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அந்த நிமிடம் இன்னும் என் கனவில் வருகிறது. கனவில் நான் "கெளம்பு, திண்டுக்கல் போலாம்" என்கிறேன். நிஜத்தில் என்ன சொன்னேன் தெரியுமா? "கட்டியா இருக்கும், கரைஞ்சிரும். செட்டு தாரேன், ரெண்டு வேளை போடு" என்றேன்.

கரையத்தான் செய்தது. அதுதான் கொடுமை. நாலாம் நாள் காய்ச்சல் இல்லை. பத்தாம் நாள் நீயே தடவிப் பார்த்து, "புளியங்கொட்டை அம்புட்டுத்தான் இருக்கு" என்றாய். பசி வந்தது. தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லாமலே இரண்டு தட்டுச் சோறு தின்றாய். தெருவில் போகிற எல்லோரிடமும் "எங்க மெடிக்கலு பெரியாஸ்பத்திரிய முழுங்கிருவா" என்றாய். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கேட்டு மகிழ்ந்தேன்.

அந்த நாட்களில்தான் சிறுமலைக்குப் போனோம். எங்கள் மாதா கோவில் ஆட்கள் தாங்கள் பிடித்த பஸ்ஸில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது என்றார்கள். கடையை அடைத்துவிட்டு உன்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன். வளைவுகளில் பஸ் ஏற ஏறக் கீழே சமவெளி அகலமாகிக்கொண்டே போனது. தென்னந்தோப்புகள், குளங்கள், அப்புறம் எல்லாம் பனிக்குள் போய்விட்டது. மேலே ஒரு வீட்டு வாசலில் மலைவாழைத் தார் தொங்கியது. நீ நின்றபடியே மூன்று பழம் தின்று தோலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று முழித்தாய். பனி உன் முகத்தருகே வந்து வந்து விலகியது. அன்று நீ அவ்வளவு அழகாக இருந்தாய். நோய் உறங்கிக்கொண்டிருந்த நாள் அது. உறங்க வைத்தது நான். நமக்கு அது தெரியாது. தெரியாமல் இருந்ததால்தானோ என்னவோ, என் வாழ்க்கையின் நல்ல நாள் எது என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் அந்த நாள்தான் முதலில் வந்து நிற்கிறது. அதை நினைக்கவும் வெட்கமாக இருக்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில் உன் பிளவுஸ் தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. ஊசி குத்திக்கொண்டே சொன்னாய்: "இந்த மாசத்துல இது ரெண்டாந்தடவ உள்ள புடிக்கிறேன். நல்லாத்தான் திங்கிறேன், தின்னது எங்க போவுதுன்னு தெரியல." ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ஒரு நூல் பிசகாமல் அளவு எடுக்கிற நீ, உன் அளவு போகிற போக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டாய். நானும் சேர்ந்து சிரித்தேன்.

பவித்ராதான் விடவில்லை. திண்டுக்கல்லில் டீச்சர் வேலை பார்க்கிற பிள்ளை, மாதம் ஒருமுறை வருகிறவள், வாசலில் உன்னைப் பார்த்ததுமே "அம்மா, பாதியாப் போயிட்ட" என்று அழுதாள். ஸ்கேன் எடுத்தார்கள். பெருங்குடல் தொடங்குகிற இடத்தில் சுவர் தடித்திருக்கிறது, உள்ளே குழாய் விட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். அதற்கு முந்தின நாள் குடலைக் கழுவ அந்த உப்புத் தண்ணீரைக் குடிக்க நீ பட்ட பாடு! "கடலையே குடிச்சாச்சு, இன்னும் கப்பல் வரலையே" என்று என்னைச் சிரிக்க வைத்தாய். அன்றும் வலி என்று கேட்டாய். அன்றும் ஒரு செட்டு கொடுத்தேன்.

எடுத்த சதையில் வெறும் புண்தான் தெரிகிறது, தெளிவாக ஒன்றும் சொல்ல முடியவில்லை என்று முடிவு வந்தது. இந்த இடத்தில் இப்படி இருந்தால் குடல் காசநோயாகவும் இருக்கலாம் என்று டாக்டர் அதற்கான மாத்திரையைத் தொடங்கினார். புற்றுநோய் இல்லை என்று நாம் எப்படிச் சந்தோஷப்பட்டோம்! நான் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். டாக்டர் மாத்திரை இருக்கும்போது என்னுடையது எதற்கு என்று செட்டை நிறுத்தினேன்.

நிறுத்திய மூன்றே வாரத்தில் கட்டி திரும்பி வந்தது. எலுமிச்சை இல்லை, தேங்காய். குடல் அடைத்துக்கொண்டு நீ வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்த அன்று மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வலப்பக்கக் குடலை வெட்டி எடுத்தார்கள். அதைச் சோதித்து, மேற்கொண்டு சாயம் போட்டுப் பார்க்கும் சோதனைக்கும் அனுப்பி, ஒரு வாரம் கழித்துப் பெயர் சொன்னார்கள். லிம்போமா. நிணநீர் அணுக்களில் வருகிற புற்று. சாதாரணமாகக் கழுத்திலோ அக்குளிலோ தொடங்குவது, உனக்குப் பெருங்குடலிலேயே தொடங்கியிருக்கிறது, அபூர்வம் என்றார் அந்த மதுரை டாக்டர். எலும்பு மஜ்ஜை வரை ஊசி போட்டுப் பார்த்து, வேறெங்கும் பரவவில்லை என்றும் சொன்னார்.

பிறகு பழைய காகிதங்களைப் புரட்டிக்கொண்டே உன்னிடம் கேட்டார்.

"மொதல்ல சதை எடுத்தப்ப ஏன் தெரியலைன்னு பாக்குறேன். அதுக்கு முன்னாடி ஸ்டீராய்டு மாத்திரை எதுவும் சாப்பிட்டீங்களாம்மா? சின்னதா, வெள்ளையா இருக்கும்."

நான் உன் கட்டிலுக்கு வலப்பக்கம் ஃபைலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பவித்ரா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். நீ என்னைப் பார்க்கவே இல்லை.

"ஆமாங்க சார். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஏதோ ஒரு கடையில வாங்குனேன். பேரு ஞாபகமில்ல."

"எத்தன நாளு?"

"ஒரு மாசம் இருக்கும்."

டாக்டர் பெருமூச்சு விட்டார். இந்த நோயை ஸ்டீராய்டு கொஞ்ச நாளைக்குக் கரைத்துக் காட்டும், அந்த நேரத்தில் சதை எடுத்தால் ஒன்றும் தெரியாமல் ஏமாற்றிவிடும் என்றார். "ரெண்டு மாசம் வீணாப் போச்சு. அந்த ரெண்டு மாசம் என்ன செஞ்சுதுன்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றார். நீ தலையாட்டினாய். நான் வாய் திறக்கவில்லை. பேசியிருக்கலாம். வாய் இருந்தது, நாக்கு இருந்தது, நேரமும் இருந்தது. அவர் எழுதி முடித்து, பேனாவை மூடி, அடுத்த கட்டிலுக்குப் போகும் வரை நேரம் இருந்தது.

அவர் போனதும் உன் காலடியில் உட்கார்ந்து அழுதேன். பவித்ராவிடமாவது சொல்லிவிடுகிறேன் என்றேன். நீ என் தலையில் குட்டினாய்.

"நான் இருக்குற வரைக்கும் வாயத் தெறக்காத. அவ ஒன்ன வெட்டிப்புடுவா. அப்பறம் எனக்கு யாரு இருக்கா, பஸ்ஸுல கூட்டிட்டு வர? எனக்குப் பின்னால நீயாச்சு அவளாச்சு."

பெரிய தியாகம் மாதிரி நீ அதைச் சொல்லவில்லை. ஊசியில் நூல் கோத்துக் கொடு என்பது மாதிரிச் சொன்னாய்.

மருந்து ஏற்றிக்கொள்ள இருபத்தொரு நாளைக்கு ஒரு முறை மதுரை. ஆறு தடவை. செம்பட்டி வழியாகப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உனக்கு. அந்தப் பயணங்கள் இப்போது ஒன்றோடொன்று கலந்து ஒரே நீண்ட பயணமாகத் தெரிகின்றன. நிலக்கோட்டை வந்தால் பூ வாசம் ஏறும். நீ கண்ணை மூடிக்கொள்வாய். வார்டுக்குள் பூ வைத்துக்கொண்டு வரக்கூடாது, கிருமி ஒட்டும் என்று நர்ஸ் முதல் தடவையே என் கொண்டையிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டாள். அதனால் பஸ்ஸிலேயே முகர்ந்து முடித்துக்கொள்வாய்.

முதல் மருந்து இறங்கும்போது உனக்குக் குளிர் வந்து கட்டிலே ஆடியது. அப்புறம் சிவப்பாக ஒன்று. மறுநாள் கக்கூஸிலிருந்து "ஏ மெடிக்கலு, ரத்தம்டி" என்று அலறினாய். மருந்தின் நிறம்தான் என்று சொல்லியும் கொஞ்ச நேரம் நம்பவில்லை. முடி கொட்டியபோது லைனிங் துணியில் உனக்கொரு குல்லா தைத்தாய், அப்புறம் வார்டில் இருந்த ஒன்பது பேருக்கும் தைத்தாய். நாலாவது தடவைக்குப் பிறகு விரல் நுனி மரத்துப் போனது. ஊசி குத்தி ரத்தம் வருவது உனக்குத் தெரியவில்லை, வெள்ளைத் துணியில் பொட்டு விழுந்த பிறகுதான் பார்த்தாய். அன்றுதான் நீ அழுது பார்த்தேன். குடலை வெட்டியபோது அழாதவள். அதன் பிறகு நான் கடை அடைத்து வந்து உனக்கு நூல் கோத்துக் கொடுத்தேன்.

மருந்துச் சீட்டில் ஐந்து நாளைக்கு ஒரு மாத்திரையும் இருந்தது. பெயரை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். அதுவும் ஸ்டீராய்டுதான். நோய் இன்னதென்று தெரிந்த பிறகு, மற்ற மருந்துகளோடு சேர்த்து, அளவாக. நான் அட்டையிலிருந்து பிதுக்கி உன் உள்ளங்கையில் வைத்தேன். நீ அதை உருட்டிப் பார்த்துவிட்டு, "பாத்தியா, அம்புட்டுப் பெரிய டாக்டரும் ஒன் மாத்திரையத்தான் எழுதுறாரு" என்றாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ மட்டும் சிரித்துக்கொண்டு தண்ணீர் குடித்தாய்.

ஆறும் முடிந்து ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். மூன்று வருடம் நன்றாகத்தான் இருந்தாய். உன் பிளவுஸ்களின் உள்தையலை நீயே ஒவ்வொன்றாகப் பிரித்தாய். பவித்ராவுக்குக் கல்யாணம் செய்தாய். பிறகு அது மறுபடி வந்தது. இந்த முறை மருந்துக்குக் கட்டுப்படவில்லை. கடைசி நாட்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நீயும் அங்கேதான் இருந்தாய்.

இனி நேற்று நடந்தது.

பவித்ராவுக்குக் கொஞ்ச நாளாக வயிற்று வலியாம். பயப்படாதே, வெறும் புண் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் அம்மாவுக்கு என்ன நோய் என்று டாக்டர் கேட்டதால் உன் ஃபைலைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். முதல் தடவையாக வரி வரியாகப் படித்திருக்கிறாள். நேற்று அந்த ஃபைலோடு கடையில் வந்து நின்றாள். கூட்டம் இல்லை.

"மெடிக்கல் அத்தை, இதுல ஒண்ணு எழுதியிருக்கு. அம்மா ஒரு மாசம் ஸ்டீராய்டு சாப்பிட்டிருக்காங்க, வாங்குன கடை தெரியலைன்னு. அம்மா ஒங்ககிட்ட தவிர வேற யாருகிட்டயும் மாத்திரை வாங்க மாட்டாங்களே."

பொய் சொல்ல வசதியாகத்தான் இருந்தது. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. நீயே போட்டுக் கொடுத்த வழி. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதில் நடக்க எனக்குக் கால் வரவில்லை.

"நாந்தான் குடுத்தேன் பவித்ரா" என்றேன். திரை மறைவில் தொட்டுப் பார்த்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ பொய் சொன்னதையும் சொன்னேன். அவள் அழவில்லை, கத்தவில்லை. நீ சொன்ன மாதிரி வெட்டவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"டாக்டர் கேட்டப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதான் நின்னேன்."

"பக்கத்துலயா?"

"ஆமா."

மாத்திரை கொடுத்ததைக் கேட்டபோது இறுகாத முகம் அப்போது இறுகியது. தெரியாமல் கொடுத்ததை அவளால் தாங்க முடிந்தது போல. நின்றுகொண்டிருந்ததைத் தாங்க முடியவில்லை. அது சரிதான் என்று எனக்கும் பட்டது. ஃபைலைத் திறந்து, அந்த வரி இருந்த பக்கத்தை என் முன்னால் மேஜையில் வைத்து, கல்லாப்பெட்டி மேலிருந்த என் பேனாவையே எடுத்து நீட்டினாள்.

"எழுதுங்க."

வாங்கிய கடை தெரியவில்லை என்ற வரிக்குக் கீழே எழுதினேன். என் கடைப் பெயர், என் பெயர், கொடுத்தது நான் என்று. கையெழுத்தும் போட்டேன். மை காயும் வரை அவள் பொறுத்திருந்தாள். பிறகு மூடி எடுத்துக்கொண்டாள். "வாரேன் அத்தை" என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். "போறேன்" என்றுதான் சொன்னாள்.

நான் வெளியே வந்து நின்றேன். திண்டுக்கல் பஸ் வந்தது. ஏறினாள். திரும்பிப் பார்க்கவில்லை. இனி அவள் வருவாளா என்று எனக்குத் தெரியாது. உன் சாயலில் எனக்கு மிஞ்சியிருந்த ஒரே முகம் அது, டெய்லரு. நேற்றெல்லாம் மனசு கனத்துக் கிடந்தது. ஆனால் உன்னிடம் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். நீ என் மேல் ஒரு நாளும் கோபப்படவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அழுது தீர்த்திருப்பேன். நீ சிரித்தாய், மாத்திரையை விழுங்கினாய், என் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய். அந்தக் கோபத்தை யாராவது ஒருத்தர் பட வேண்டியிருந்தது. உனக்காக உன் மகள் பட்டுவிட்டாள். நீ சொன்ன பொய்யை இத்தனை வருடம் சுமந்தேன். இனி அவள் கோபத்தைச் சுமக்கிறேன். இது எனக்கு லேசாக இருக்கிறது.